நடுவில் ஓட்டிவிட்ட பகுதி

அந்த வீட்டு டிவியில் ஆண்டவர் வியாழக்கிழமை ராத்திரி சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தோட்டத்தில் நின்றார். நடுவில் என்ன நடந்தது என்பது ஒன்பது வயதுத் துளிக்குச் சுமாராகத்தான் தெரியும். "கெட்டவங்க அவரைக் கொஞ்சம் கஷ்டப்படுத்திட்டாங்க, அவர் மன்னிச்சுட்டார்" என்று அம்மா சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். கஷ்டப்படுத்துகிற கட்டம் திரையில் வரும்போதெல்லாம் அம்மாவின் இடது கை துளியின் கண்ணைப் பொத்தும், வலது கை ரிமோட்டை அழுத்திப் படத்தை முன்னால் ஓட்டிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அவ்வளவு பழக்கம்.

அம்மாவுக்குச் சட்டைக் கம்பெனியில் வேலை. செக்கர். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்குக் கட்டுக்கட்டாக வரும். காலர், கைப்பட்டி, பட்டன் துளை, பக்கத் தையல் என்று ஒருமுறை; பிறகு உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு இன்னொருமுறை. நூல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அம்பு மாதிரி வெட்டிய சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்துக்கு நேராக ஒட்டித் தள்ளிவிடுவாள். அவள் ஒட்டிய அம்புக்கு மேல் மேலாளரே மறுபேச்சுப் பேசமாட்டார். பேசினால் அவர் சட்டையைப் பார்ப்பாள்.

இந்தப் பேர் சபை வரைக்கும் போயிருந்தது. ஆலயத்தின் பின்னறையில் ஒரு அலமாரி. குடும்பமாகப் படிக்கப் புத்தகங்களும், குடும்பமாகப் பார்க்கப் படங்கள் ஏற்றிய பென் டிரைவ்களும் அதில் இருந்தன. எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய ஆள் தேவைப்பட்டபோது பாஸ்டரம்மா யோசிக்கவே இல்லை. சாவியைக் கொண்டுவந்து செக்கர் கையில் கொடுத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் அலமாரிக்கு முன்னால் கூட்டம் நிற்கும்.

"அக்கா, இந்தப் புத்தகத்தை என் பையனுக்குக் கொடுக்கலாமா?" என்று பாட்டுக்குழு வாத்தியார் கேட்பார்.

"வேணாம் தம்பி. இதுல திருடன் கடைசிப் பக்கத்துலதான் திருந்தறான். அதுவரைக்கும் ரொம்ப ஜாலியா இருக்கான்."

"முதல் பக்கத்துலயே திருந்திட்டா?"

"அது நல்ல புத்தகம்."

"அப்போ மிச்சப் பக்கத்துல என்ன பண்ணுவான்?"

"ஜெபம் பண்ணுவான். உங்களுக்கு ஏன் தம்பி கஷ்டம்?"

வாத்தியார் நல்ல புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார். பையன் அதைப் படித்தானா என்பது வேறு விஷயம்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்தாலும் அவள் மனதில் இருந்தது விளையாட்டு இல்லை. பிரசங்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆலய வாசலில் செருப்பைத் தேடும்போதே பாதி போய்விடுகிறது. கதை அப்படியில்லை. அது பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறது, சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிறது, போர்வைக்குள் நுழைந்து படுத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாத ஆளை யாராவது பிள்ளையின் போர்வைக்குள் விடுவார்களா? அவளுக்கு ஒரு சோதனை உண்டு. படம் முடிந்ததும் பிள்ளை, யாரும் சொல்லாமல், தானாகக் கை கூப்ப வேண்டும். கூப்பினால் தேறியது. ஒரு விதியும் உண்டு. பயம் வரக்கூடாது. பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இருக்காது என்று அவள் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வாள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லமாட்டாள்.

துளிக்கு ஏழு வயதில் முதல்தடவை வலிப்பு வந்தது. சமையலறையில், முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது. கையிலிருந்த முட்டை உருண்டது, பிள்ளை சரிந்தது, கண் மேலே போயிற்று, உடம்பு மொத்தமும் யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி உதறியது. பிறகும் சிலமுறை வந்தது. டாக்டரம்மா ஒரு ரோஸ் நிற மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் பாதி, ராத்திரி பாதி. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றும் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு உதறுகிற எதையும் பார்க்க முடியாமல் போய்விட்டது. துணி பிழியும்போது வாஷிங் மெஷின் ஆடும் அல்லவா, அதற்குக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து மேஜையில் பட்டன் தைக்கும் அக்காவுக்கு மட்டும் இது தெரியும். மதியம் ரொட்டியையும் முட்டையையும் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏண்டி, ஆண்டவர் சாகறதையும் ஓட்டி விட்டுட்டியாமே? உன் பொண்ணு என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா, அவர் ரெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தாராம்."

"சின்னப் பிள்ளைக்கா. ரத்தமும் ஆணியுமா எதுக்கு?"

"சாவே இல்லாம எப்படிடி உயிர்த்தெழுவாங்க?"

"பெரியவளானதும் காட்டிக்கறேன்."

"நீ இப்ப பெரியவதானே. நீ பாப்பியா?"

செக்கர் தன் மேஜைப் பக்கம் திரும்பினாள். அடுத்த கட்டுச் சட்டையை அவிழ்த்து, முதல் சட்டைக்கே அம்பு ஒட்டினாள். அந்தச் சட்டை தைத்தவளுக்கு அன்று நேரம் சரியில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பாஸ்டரம்மா ஒரு புதுப் படம் கொண்டுவந்தார். நோயாளிப் பையன், ஏழை அப்பா, பெரிய விசுவாசம். செக்கர் தனியாக உட்கார்ந்து முதலில் பார்த்தாள். துளியோடு பார்த்தாள். சபையில் நாலைந்து வீட்டுக்கும் கொடுத்தாள். "பையன் ஜன்னல்கிட்ட முட்டி போட்டதும் கொஞ்சம் ஓட்டி விட்டுருங்க. ஆஸ்பத்திரி வரும், பிள்ளைங்க பயந்துக்கும். வயல்ல ஓடறப்போ நிறுத்திக்கோங்க. மத்தபடி அருமையான படம்." துளி படம் முடிந்ததும் தானாகக் கை கூப்பினாள். ரொம்ப நேரம் கூப்பியபடியே இருந்தாள். அம்மாவுக்கு உள்ளம் நிறைந்துபோயிற்று.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி எதுவும் காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்கியது. யார் எழுந்து நடந்தாலும் ஈரக் கை ஒன்று முகத்தில் அடித்தது. ஒரு சாயங்காலம் அம்மா துளியின் சீருடைப் பாவாடையை ஈரத்தோடு இஸ்திரி போட்டே காயவைக்கப் பார்த்தாள். ஆவி கிளம்பியது. பாக்கெட்டுக்கு மேலே பெட்டியை ஓட்டியபோது ரோஸ் நிறத்தில் ஒரு கறை எழுந்து வந்தது.

மிட்டாய் என்று நினைத்தாள். பாக்கெட்டை வெளியே இழுத்துத் திருப்பினாள். மூலையில் பஞ்சோடு பஞ்சாகக் குழைந்த ஒரு பசை. அதற்குள் ஒன்று மட்டும் கரையாமல் முழுசாக இருந்தது. ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் நேராக உடைத்த விளிம்பு. உடைத்தது அவள்தான். தினமும் அவள்தான் உடைத்துக் கொடுக்கிறாள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று தோன்ற ஒரு கணம் பிடித்தது.

"துளி."

தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த துளி எழுந்து வந்து பாக்கெட்டை எட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. பிறந்தநாள் பரிசை முன்னாடியே பார்த்துவிட்டாளே என்று கோபித்துக்கொள்ளும் முகம்.

"போம்மா. ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லலாம்னு இருந்தேன். கெடுத்துட்ட."

"என்ன சாட்சி?"

"நான் சுகமாயிட்டேன்."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எப்போலேர்ந்து மாத்திரை சாப்பிடலை?"

"அந்தப் படம் பாத்ததிலேர்ந்து. நாக்குக்கு அடியில வெச்சுப்பேன். நீ டம்ளரை வாங்கிட்டுத் திரும்பினதும் எடுத்துருவேன். சில நாள் சிங்க்ல போட்டேன், சில நாள் பாக்கெட்டு. ஒண்ணுமே வரலை பாத்தியா? ஸ்தோத்திரம்!"

துளி ஸ்தோத்திரம் சொன்னால் அம்மாவும் சொல்வாள். அந்த வீட்டு வழக்கம். அன்று அம்மா போனைத் தேடினாள். துளி காத்திருந்தாள்.

அம்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ராத்திரி வேளை மாத்திரையை இப்பவே கொடுங்க. வழக்கமான அளவுதான், விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துடாதீங்க. காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் தனியா குளிக்க விடாதீங்க, மாடிப்படியில விடாதீங்க. திடீர்னு நிறுத்தினா முன்ன வந்ததைவிட பெரிசா வரலாம். சொல்றது புரியுதாம்மா?"

"புரியுது டாக்டர்."

"ஏன் நிறுத்தினா?"

"படம் பாத்து, டாக்டர்."

"என்ன கண்றாவிப் படம்மா அது? யார் காட்டினது?"

அம்மா போனைக் கீழே வைத்தாள். ஒரு தட்டில் அரை மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் எடுத்துவந்தாள். துளி இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டாள்.

"சாப்பிடு தங்கம்."

தலை மட்டும் ஆடியது.

"டாக்டர் சொல்றாங்க."

துளி வாயைத் திறக்காமலே ஏதோ சொன்னாள். பிறகு அம்மா கைக்கு எட்டாத தூரம் போய் நின்று திறந்து சொன்னாள். "இப்ப சாப்பிட்டா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். சந்தேகப்பட்டா போயிரும். நீதானேம்மா சொன்ன, பயம் இருந்தா விசுவாசம் இல்லைன்னு?"

அவள்தான் சொன்னாள். அலமாரிக்கு முன்னால் நின்று, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, எத்தனையோ தடவை.

பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைக்கலாம். அம்மாவுக்கு அதற்குப் பலம் இருந்தது. ஆனால் முரண்டு பிடித்து அழுது அந்த அழுகையிலேயே வலிப்பு வந்துவிட்டால்? பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். இமை துடித்ததா, சும்மா சிமிட்டியதா? கையைப் பார்த்தாள். விரல் பென்சிலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அது துளி சுழற்றுவதுதானா?

"பென்சிலைக் கீழே வை."

"ஏன்?"

"வைன்னா வை!"

அப்பா மழையில் நனைந்து வந்து சேர்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் அவரை நம்பித்தான் மேலே போகிறார்கள் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். விஷயத்தைக் கேட்டதும் தலையைத் துவட்டிய துண்டை அப்படியே தோளில் விட்டுவிட்டு மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க பாருடா. லிஃப்டு கயித்துலதான் தொங்குது. ஆனா கயிறு இருக்குன்னு பிரேக்கைக் கழட்டுவேனா? ரெண்டும் வேணும்ல?"

"கடவுளும் கயிறும் ஒண்ணாப்பா?"

"இல்ல..."

"அந்தப் பையனோட அப்பாவும் இப்படித்தான் பேசினார். கடைசியில அழுதார்."

அப்பா மனைவியைப் பார்த்தார். அவருக்குப் படம் நினைவில்லை. அவர் எல்லாப் படத்துக்கும் ஆரம்ப ஜெபத்திலேயே தூங்கிவிடுவார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "அவர் ஏன் அழுதார் துளி?"

"சந்தேகப்பட்டோமேன்னு."

"பையன் எப்படிச் சுகமானான்? முதல்லேர்ந்து சொல்லு."

"என்னம்மா, நீயும்தானே பாத்த? மாத்திரை பாட்டிலை ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டான். முட்டி போட்டான். ஓடினான். அப்பா அழுதார். முடிஞ்சுது."

முட்டி போட்டதற்கும் ஓடியதற்கும் நடுவே அம்மாவின் இரண்டு கைகள் இருந்தன.

"நடுவுல ஒரு கட்டம் இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரி கட்டமா? அதுல என்ன வரும்?"

"தெரியாது."

"நீதான் முன்னாடியே பாத்தியே?"

அம்மா புருஷனைப் பார்த்தாள், பிறகு மகளை. "பாக்கலை. அந்தப் பையன் கை நடுங்க ஆரம்பிச்சுது. என்னால முடியலை. ஓட்டி விட்டுட்டேன். அவன் வயல்ல ஓடினப்பதான் நிறுத்தினேன்."

"பாக்காமலா எல்லார் வீட்டுக்கும் நல்ல படம்னு கொடுத்த?"

சட்டையானால் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் ஒன்றைக்கூட விட்டதில்லை. அப்பா சுவரில் எதையோ கவனிக்கத் தொடங்கினார். திடீரென்று அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, பாட்டுக்குழு வாத்தியார் பையனுக்கு மூச்சிரைப்பு. அவங்ககிட்டயும் இதே மாதிரி ஓட்டச் சொன்னேன். உடனே போன் பண்ணுங்க."

அப்பா வாசல்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒழுங்கா மருந்து இழுத்துட்டுதான் இருக்கானாம். படம் ஆரம்பிச்சதுமே தூங்கிட்டானாம்."

"ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. ஒரு பிள்ளை பக்திப் படத்தில் தூங்கியதற்காக அவள் ஆண்டவரைத் துதித்தது அதுதான் முதல்தடவை.

"இப்பப் போடு. நானும் பாக்கறேன்" என்றாள் துளி.

அம்மா ரிமோட்டை எடுத்தாள், அழுத்தவில்லை. நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வானத்திலிருந்து வெளிச்சம் வந்து பையனைத் தூக்கி நிறுத்தினால்? பிள்ளை இனி ஜென்மத்துக்கும் மாத்திரையைத் தொடமாட்டாள். வேறு மாதிரி இருந்து பிள்ளை பயந்தால்? போடாவிட்டாலும் மாத்திரை தட்டில் அப்படியே கிடக்கிறது. மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். துளி நடுவில். மாத்திரைத் தட்டு அம்மா மடியில். ரிமோட்டை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜன்னல் வந்தது. பாட்டில் பறந்தது. பையன் முட்டி போட்டான். அவன் இடது கை நடுங்கியது.

அம்மாவின் கை பழக்கத்தில் துளியின் கண்ணுக்குப் போயிற்று. துளி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பையன் விழுந்தான். நடிப்பு சுமார்தான். வாயில் வந்தது சோப்பு நுரை என்று பார்த்தாலே தெரிந்தது. கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வசதியாகத் திரும்பிக்கொண்டு உதறினான். இருந்தாலும் முதுகு வளைந்தது, குதிகால் தரையில் அடித்தது, திரையில் ஒரு அப்பா ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இந்தப் பக்கம் கட்டிலில் ஒரு அம்மா மூச்சை எங்கோ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வந்தது. படத்து டாக்டர் நீளமாகப் பேசினார். மருந்து கடவுளின் கொடை, அறிவு கடவுளின் கொடை, இந்த ஆஸ்பத்திரிக் கட்டிடமும் ஏறக்குறைய கடவுளின் கொடை. பையன் மாத்திரையை விழுங்கினான். அப்பா அழுதார். செக்கர் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த நல்ல போதனை மொத்தமும் அவள் ஓட்டிவிட்ட இடத்தில்தான் குவிந்து கிடந்தது. ஆனால் துளி அதையெல்லாம் கேட்கவே இல்லை. அவள் பார்வை டிவியில் இல்லை.

"அம்மா."

"ம்."

"நானும் இப்படித்தான் இருப்பேனா?"

அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது, அவள் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இது அந்த நிமிஷம்தான் உறைத்தது. பிள்ளை முட்டை உரித்துக்கொண்டிருப்பாள்; கண்ணைத் திறந்தால் நாக்கு வலிக்கும், எல்லாரும் சுற்றி நிற்பார்கள். அவளுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

இல்லை என்று சொல்ல அம்மாவின் வாய் தயாராகிவிட்டது. அப்பா இருமினார்.

"ஆமா" என்றாள் அம்மா.

"நுரையுமா?"

"கொஞ்சமா."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். தலைக்கு அடியில துணி வைப்பேன். கடிகாரத்தைப் பாத்துட்டே இருப்பேன்."

"ஜெபம் பண்ணுவியா?"

"வாயில வராது துளி. பண்ணணும்னுதான் நினைப்பேன். உன் பேர் மட்டும்தான் வரும்."

துளி இதை யோசித்தாள். சபையில் வாராவாரம் அழகாக ஜெபிக்கிற அம்மாவுக்கு வராதா? அம்மாவின் கை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது, ஈரமாக, சில்லென்று. துளி குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

"உன் கைதான்மா நடுங்குது."

"ஆமா. பயமா இருக்கு."

"விசுவாசம் இல்லையா?"

"இருக்கு. பயமும் இருக்கு. ரெண்டும் இருக்கு. நான் சொன்னது தப்பு."

அப்பா வாயைத் திறந்தார். லிஃப்ட் விஷயமாக ஏதோ சொல்ல வந்திருப்பார். நல்லவேளை, மூடிக்கொண்டார்.

துளி தட்டிலிருந்து அரை மாத்திரையை எடுத்தாள். "நான் சுகமாகலைன்னு இதுக்கு அர்த்தம் இல்ல."

"இல்ல."

"நீ பயப்படறேன்னு சாப்பிடறேன். ஆண்டவருக்கு அது புரியும்."

"புரியும்."

"நாளைக்கும் பயப்படுவியா?"

"நாளைக்கும்."

துளி பெருமூச்சு விட்டாள். மாத்திரையை வாயில் போட்டு, டம்ளர் தண்ணீர் முழுவதையும் மடக்மடக்கென்று குடித்தாள். விழுங்கிவிட்டாயா என்று அம்மா கேட்கவில்லை. துளியே அவள் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், நாக்குக்கு அடியில். ஒன்றும் இல்லை.

"என்ன, ரெண்டு பேரும் பல் டாக்டர் விளையாட்டா?" என்றார் அப்பா. "அப்படியே என் கடைவாயையும் பாருங்க. டாக்டர் பீஸ் மிச்சமாகும்."

திறந்த வாயோடு துளியின் தோள் குலுங்கியது. கண்கள் இடுங்கின. கழுத்து பின்னால் போயிற்று. அம்மாவின் ஒரு கை பிள்ளையின் தலைக்குப் பின்னால் போய்விட்டது, கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது, உதட்டில் அந்த ஒரே பேர் வந்துவிட்டது.

பிறகுதான் சத்தம் வந்தது. துளி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கையை எடுக்கவில்லை. சிரிப்பு முடிகிறவரை அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், முழுசாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.